பிள்ளையின் புத்தியை எடை போட முடியுமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் சாலில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் கையில் ஒரு காகிதத்தோடு வந்து நின்றார். நாங்குநேரிப் பக்கத்துக்காரர். போர்ட் பகுதியில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் பிள்ளையின் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கே போகிறது என்று அடிக்கடி சொல்வார்.

"அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. வீட்டுல ரெண்டு நாளா அடுப்பு சரியா எரியல" என்றார்.

படித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடம் வரவழைத்த ஒருவர் பையனைச் சோதித்து எழுதிக் கொடுத்த அறிக்கை அது. பையனுக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு. இரண்டு பக்கம் என்னென்னவோ எழுதிவிட்டு, அடியில் தடித்த எழுத்தில் "ஐ.க்யூ. 76" என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, பையனை அவனுக்குத் தகுந்த வேறு பள்ளியில் சேர்ப்பது நல்லது என்று ஒரு வரி.

அந்தப் பையனை நான் பிறந்த நாளிலிருந்து பார்த்து வருகிறேன். அவனுடைய தாய் வீட்டில் தோசை மாவு அரைத்து விற்கிறார். அரைக் கிலோ 35 ரூபாய். ஒன்றரைக் கிலோ வாங்கிக்கொண்டு 200 ரூபாய் நோட்டை நீட்டினால், நாம் மனத்துக்குள் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் 95 ரூபாயை எண்ணி வைத்துவிடுவான். எந்த வீட்டில் எவ்வளவு பாக்கி என்பது அவனுக்கு மனப்பாடம்.

"சோதனை எந்த மொழியில் நடந்தது?" என்று கேட்டேன்.

"இங்கிலீஷும் இந்தியும் கலந்து கேட்டாங்களாம். இவன் பாதிக்குமேல பேசாம உட்கார்ந்திருக்கான்."

வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி கலந்த இந்தி, பள்ளியில் ஆங்கிலம். இப்படி மூன்று மொழிகளுக்கு நடுவே நிற்கும் எட்டு வயதுப் பிள்ளை, முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறது. அந்த மௌனத்துக்கு மார்க் போட்டு 76 என்று எழுதிவிட்டார்கள். இது அந்த ஒரு வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நம் எல்லாருடைய வீட்டு வாசலிலும் நாளை வந்து நிற்கக்கூடிய பிரச்சினை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த எண் எங்கிருந்து வந்தது?

ஐ.க்யூ. என்ற மூன்றெழுத்தைக் கேட்டாலே நம்மில் பலருக்கு ஒரு பயம். ரத்தப் பரிசோதனை முடிவுபோல அது அசைக்க முடியாதது என்று நினைக்கிறோம். அது பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும்.

1904ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு அரசு ஒரு குழு அமைத்தது. எல்லாப் பிள்ளைகளும் கட்டாயம் பள்ளிக்கு வரும் நாடு அது. வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்கு உதவ வேண்டும். யாருக்கு உதவி தேவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆசிரியரின் விருப்பு வெறுப்பை மட்டும் நம்பினால் துடுக்கான பிள்ளையையும் மந்தம் என்று தள்ளிவிடுவாரே! இதற்கு வழி கண்டவர் ஆல்பிரட் பினே என்ற மனோதத்துவ நிபுணர். அவரும் தியோடர் சிமோன் என்ற மருத்துவரும் சேர்ந்து 1905இல் 30 சிறு சோதனைகளை எளியதிலிருந்து கடியது வரை வரிசைப்படுத்தினார்கள். 1908இல் அதைத் திருத்தி, எந்த வயதுப் பிள்ளை எதைச் செய்யும் என்று வகுத்தார்கள். 'மன வயது' என்ற எண்ணம் அப்படித்தான் வந்தது.

1912இல் ஜெர்மனியைச் சேர்ந்த வில்லியம் ஸ்டெர்ன், மன வயதை உண்மை வயதால் வகுக்கலாம் என்றார். அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் 1916இல் அதை நூறால் பெருக்கிய கணக்கைப் பரப்பினார். எட்டு வயதுப் பிள்ளை பத்து வயதுப் பிள்ளையின் அளவுக்குச் செய்தால் 125. ஆறு வயதுப் பிள்ளையின் அளவுக்கே செய்தால் 75. இப்போது கணக்கு முறை மாறிவிட்டது. அதே வயதுள்ள மற்றப் பிள்ளைகளின் சராசரியை 100 என்று வைத்து, இந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்க்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85க்கும் 115க்கும் இடையில் நிற்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. தராசில் கல்லை வைத்து அரிசியை நிறுப்பது போன்ற அளவு அல்ல இது. வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் இவன் எத்தனையாவது ஆள் என்று சொல்வது. அப்படியானால் எந்த வரிசை, யார் யார் நிற்கும் வரிசை என்று கேட்க நமக்கு உரிமை உண்டு அல்லவா?

பினே இதை அறிந்தவர். பிள்ளையின் அறிவு மாறாத அளவுடையது என்று சொல்லுவதை அவரே கண்டித்தார். பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கவனம், ஞாபகம் முதலியவற்றில் பயிற்சி கொடுத்தால் முன்னேறுவார்கள் என்று வாதாடினார். 1911இல் அவர் இறந்துவிட்டார். அவர் செய்த கருவி வேறு கைகளுக்குப் போயிற்று.

வந்தவர்களை அளந்த கதை

முதல் உலகப் போரின்போது அமெரிக்கா தன் படையில் சேர்ந்த சுமார் 17 லட்சம் பேருக்குப் புத்திச் சோதனை நடத்தியது. படித்தவர்களுக்கு ஒரு தாள். படிக்காதவர்களுக்கும் ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் படங்கள் கொண்ட வேறு தாள். கேள்விகள் எப்படி இருந்தன தெரியுமா? அமெரிக்கக் கடைகளில் விற்கும் சரக்குகள், அந்த ஊர் விளையாட்டு, இவற்றைப் பற்றியெல்லாம் கேட்டார்கள். இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் கப்பலில் வந்து இறங்கிய கூலித் தொழிலாளிக்கு அது எப்படித் தெரியும்? அவர்கள் குறைந்த மார்க்கு வாங்கினார்கள்.

கார்ல் பிரிகாம் என்பவர் 1923இல் இந்த முடிவுகளை வைத்து ஒரு புத்தகம் எழுதினார். அவருடைய கணக்கிலேயே ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. அமெரிக்காவில் அதிக ஆண்டுகள் வாழ்ந்த குடியேறிகள் அதிக மார்க்கு வாங்கியிருந்தார்கள். புதிதாக வந்தவர்கள் குறைவாக வாங்கியிருந்தார்கள். ஊரும் மொழியும் பழகப் பழக மார்க்கு ஏறுகிறது என்பதுதானே இதற்குப் பொருள்? அவர் அப்படிச் சொல்லவில்லை. வரவர மட்டமான ஆட்கள் கப்பலேறுகிறார்கள் என்று முடிவு கட்டினார்! 1930இல் அவரே தம் முடிவுகளுக்கு ஆதாரமில்லை என்று ஒப்புக்கொண்டார். அதற்குள் 1924இல் அந்த நாடு தென் ஐரோப்பிய, கிழக்கு ஐரோப்பியக் குடியேறிகளுக்குக் கதவைப் பெரும்பாலும் சாத்திவிட்டது. அந்தச் சட்டத்துக்குப் பல காரணங்கள் இருந்தன. புத்திச் சோதனையைக் காட்டி அதை ஆதரித்தவர்களும் இருந்தார்கள்.

ரயிலேறி வந்த நமக்கு இந்தக் கதை புரியாமல் போகாது. தாதர் ஸ்டேஷனில் முதல்முதல் இறங்கிய அன்று நம்மில் எத்தனை பேருக்கு வழி கேட்கத் தெரிந்தது? அன்று யாராவது இந்தியில் நம் புத்தியைச் சோதித்திருந்தால் நம் ஐ.க்யூ. எவ்வளவு வந்திருக்கும்?

நம் நாட்டில் செய்தவர்கள்

இந்தத் தவற்றை நம் நாட்டு அறிஞர்கள் முன்பே உணர்ந்திருந்தார்கள் என்பது மகிழ்ச்சிக்குரியது. பினேயின் சோதனையை இந்தியப் பிள்ளைகளுக்காக முதலில் மாற்றியமைத்தவர் லாகூரில் பணியாற்றிய ஹெர்பர்ட் ரைஸ். அடுத்து தார்வாரைச் சேர்ந்த காமத் 1930களில் பினே சோதனையைக் கன்னடத்திலும் மராத்தியிலும் அமைத்து, இங்குள்ள பிள்ளைகளிடமே நடத்திப் பார்த்துச் சராசரி கண்டார். இந்த மாநிலத்தில் இன்றும் அவர் பெயரால் வழங்கும் சோதனை உண்டு. 1955இல் பாட்டியா என்பவர், படிக்காத பிள்ளைகளுக்கும் கொடுக்கத்தக்க சோதனைகளை வெளியிட்டார். கட்டைகளை அடுக்குவது, படத்தைப் பார்த்து வரைவது, துண்டுகளைச் சேர்த்துப் படமாக்குவது போன்றவை அதில் உண்டு. பேச்சு குறைவு, கைவேலை அதிகம். 1969இல் நாகபுரியில் மாலின் என்பவர் அமெரிக்காவின் வெக்ஸ்லர் சோதனையை இந்தியச் சூழலுக்கு மாற்றித் தந்தார்.

இவர்கள் எதற்காக இத்தனை பாடுபட்டார்கள்? பிள்ளைக்குத் தெரிந்த மொழியில், பிள்ளை பார்த்த உலகத்திலிருந்து கேட்டால்தான் விடையில் பொருள் இருக்கும் என்பதால்தான். மராத்திப் பிள்ளைக்கு மராத்தியில் சோதனை வேண்டும் என்பது நியாயம் என்றால், தமிழ்ப் பிள்ளைக்கு? மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அதில் தமிழும் ஒன்று. பாடத்தில் மதிக்கப்பட்ட மொழி சோதனை அறையில் மட்டும் ஏன் வெளியே நிறுத்தப்பட வேண்டும்?

சோதனையே வேண்டாமா?

இவ்வளவும் சொன்னதும், "அப்படியானால் இந்தச் சோதனைகள் எல்லாம் மோசடி" என்று சிலர் சொல்லலாம். அப்படிச் சொல்ல நான் தயாராக இல்லை.

முறையாக நடத்திய சோதனையின் மார்க்குக்கும் பள்ளிப் படிப்புக்கும் ஓரளவு தொடர்பு உண்டு என்பது பலமுறை கண்ட உண்மை. அதைவிட முக்கியமானது இன்னொன்று. நல்ல புத்தியுள்ள சில பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. எழுத்துகள் இடம் மாறும். வாயால் கேட்டால் சரியாகச் சொல்லும் பிள்ளை, எழுதச் சொன்னால் தடுமாறும். இதைக் கற்றல் குறைபாடு என்கிறார்கள். இது தெரியாமல் அப்பன் பெல்ட்டை எடுப்பான். ஆசிரியை பெஞ்சு மேல் நிறுத்துவார். புத்திச் சோதனையும் படிப்புச் சோதனையும் சேர்ந்துதான் இதைக் கண்டுபிடிக்க உதவுகின்றன. மகாராஷ்டிரத்தில் இத்தகைய பிள்ளைகளுக்குப் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகள் 1996 முதல் கிடைத்து வருகின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டமும் இதை ஒரு குறைபாடாக ஏற்றிருக்கிறது.

ஆகவே கருவியின் மேல் கோபம் வேண்டாம். காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மருந்து கொடுக்கத் தெர்மாமீட்டர் வைக்கலாம். அதே தெர்மாமீட்டரைக் காட்டி, "உன் பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டை விட்டுத் துரத்து" என்று சொன்னால் கேட்டுக்கொண்டிருப்போமா? பினே செய்தது முதல் வகை. என் நண்பரின் பிள்ளைக்கு நடந்தது இரண்டாவது வகை.

எண் மாறும்

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது நம் ஊர்ப் பழமொழி. முளையைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் விடாமல் இருந்த விவசாயியை நான் கண்டதில்லை.

புத்தி அளவு பிறவியிலேயே எழுதப்பட்டது, மாறாது என்று நினைப்பவர்கள் சில உண்மைகளைப் பார்க்க வேண்டும். பரம்பரைக்கு இதில் பங்கு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அதோடு கதை முடிவதும் இல்லை. நியூசிலாந்தில் பணியாற்றிய ஜேம்ஸ் பிளின் 1980களில் பல நாடுகளின் பழைய மார்க்குகளை ஒப்பிட்டார். இருபதாம் நூற்றாண்டில் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 புள்ளி வீதம் மார்க்கு ஏறி வந்திருப்பதைக் காட்டினார். ஒரு தலைமுறைக்குள் பிறவி மாறிவிடுமா? சாப்பாடும் பள்ளிக்கூடமும் வாழ்க்கையும் மாறின. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2018இல் வெளிவந்த ஒரு கட்டுரை, பள்ளியில் படிக்கும் ஒவ்வோர் ஆண்டும் 1 முதல் 5 புள்ளி வரை கூட்டுகிறது என்று கண்டது. மந்தம் என்று சொல்லிப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தினால், எது அதன் புத்தியை வளர்க்குமோ அதையே பிடுங்கிவிடுகிறோம்!

கர்ப்பத்தில் தாய்க்கு அயோடின் குறைந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சி குன்றும். அயோடின் கலந்த உப்பு போதும், அதைத் தடுக்கலாம். ஈயம் உடம்பில் சேர்ந்தாலும் பிள்ளையின் புத்தி பாதிக்கப்படும். பழைய பாட்டரி உடைக்கும் பட்டறையிலும் ஈயம் உருக்கும் இடத்திலும் வேலை செய்யும் தோழர்கள், வேலை உடுப்போடு வந்து பிள்ளையைத் தூக்கக் கூடாது. குளித்து, உடை மாற்றிக்கொண்டு தூக்குங்கள். எந்த டியூஷனும் செய்யாத நன்மை அது.

இன்னும் ஒரு சோதனையைச் சொல்லியாக வேண்டும். உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் கார்லா ஹாப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களுக்கு வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதபோது எல்லாப் பையன்களும் ஏறக்குறைய ஒரே அளவில் செய்தார்கள். எல்லார் முன்னிலும் ஒவ்வொருவனின் சாதியையும் வாசித்துவிட்டுப் புதிரைக் கொடுத்தபோது, தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்களின் மார்க்கு இறங்கிற்று. பையன் அதே பையன். புதிர் அதே புதிர். யாரோ ஒருவர் உரக்க வாசித்த ஒரு சொல் அவன் மூளையைப் பூட்டிவிட்டது. "நீ மக்கு" என்ற சொல்லும் அப்படிப்பட்டதுதான்.

மாவுக் கடைக் கணக்கு

நண்பரின் பையன் சில்லறைக் கணக்கில் கெட்டிக்காரன் என்றேன். அது ஒன்றே அவன் படிப்பில் வென்றுவிடுவான் என்பதற்குச் சாட்சி ஆகாது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுப்லோ முதலியோர் கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் விற்கும் பிள்ளைகளைப் பற்றி நடத்திய ஆராய்ச்சி 2025இல் வெளிவந்தது. சந்தைப் பிள்ளைகள் விலையும் எடையும் மீதியும் மனக்கணக்காகவே போட்டார்கள். அதே கணக்கைப் பாடப் புத்தக முறையில் கொடுத்தால் தடுமாறினார்கள். பள்ளிப் பிள்ளைகளோ புத்தகக் கணக்கைப் போட்டார்கள். சந்தைக் கணக்கில் திணறினார்கள். இரு பக்கமும் புத்தி இருக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் பாலம்தான் இல்லை. பாலம் போட வேண்டியது பள்ளிக்கூடத்தின் வேலை. மாவுக் கணக்கிலிருந்து தொடங்கி மூன்றாம் வகுப்புக் கணக்குக்கு அந்தப் பையனைக் கைப்பிடித்து அழைத்துப் போக ஓர் ஆசிரியை இருந்தால் போதும். அதைச் செய்யாமல் பையனையே அப்புறப்படுத்துவது எந்த ஊர் நியாயம்?

பெற்றோர் என்ன செய்யலாம்?

இப்படி ஓர் அறிக்கை உங்கள் கைக்கு வந்தால் கலங்காதீர்கள். கீழ்க்கண்டவற்றை எழுத்து மூலம் கேளுங்கள்.

சோதனையின் பெயர் என்ன? எந்த மொழியில் நடந்தது? நடத்தியவர் இந்திய மறுவாழ்வுக் குழுவில் பதிவு பெற்ற மனோதத்துவ நிபுணரா? அதற்குமுன் பிள்ளையின் கண்ணும் காதும் பார்க்கப்பட்டனவா? கரும்பலகை தெரியாத பிள்ளையும் காது மந்தமான பிள்ளையும் 'புத்தி மந்தம்' ஆன கதைகள் உண்டு. கடைசியாக, பிள்ளைக்கு என்ன உதவி செய்யப் போகிறீர்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத அறிக்கை, நோயின் பெயரை எழுதி மருந்தை எழுதாத சீட்டு.

சந்தேகம் இருந்தால் வேறு இடத்தில் மறுபடி பாருங்கள். சயான் மருத்துவமனை போன்ற பெரிய மாநகராட்சி மருத்துவமனைகளில் கற்றல் குறைபாட்டுக்குத் தனிப் பிரிவு உண்டு. தமிழ் தெரிந்தவர் ஒருவர் கூட இருக்கும்படி கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

சட்டமும் நம் பக்கம் சற்றே இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, பிள்ளையைச் சேர்க்கும்போது பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அதற்குப் பின் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம். எட்டாம் வகுப்பை முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே உங்கள் பள்ளி எந்த வகை என்று முதலில் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

பள்ளிக்கூடத்தை மட்டும் குறை சொல்லி முடித்துவிட்டால் அது நேர்மை ஆகாது. நாமும் தினமும் பிள்ளைகளை அளக்கிறோம். சான்றிதழ் இல்லாமலே அளக்கிறோம். "எதிர் கோலிப் பையனைப் பார், நீயும் இருக்கிறாயே" என்பது நாம் நடத்தும் புத்திச் சோதனை. "மண்டு", "மரமண்டை" என்பவை நாம் கொடுக்கும் மார்க்குகள். பள்ளியின் அறிக்கையாவது ஒருமுறை வருகிறது. நம் அறிக்கை ராத்திரிதோறும் சோற்றுத் தட்டுக்கு முன்னால் வாசிக்கப்படுகிறது.

கணித மேதை ராமானுஜன் கல்லூரித் தேர்வில் தோற்றவர். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தா வேலை பார்த்தவர். எல்லாப் பிள்ளைகளும் ராமானுஜன் ஆகிவிடுவார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆக வேண்டியதும் இல்லை. சராசரிப் பிள்ளைக்கும், சராசரிக்குக் கீழே உள்ள பிள்ளைக்கும் வகுப்பறையில் ஓர் இடம் வேண்டும். அது கெட்டிக்காரர்களுக்குத் தரும் பரிசு அல்ல. பிள்ளையாகப் பிறந்ததற்கான உரிமை.

நண்பருக்காக மேற்சொன்ன கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளியில் கொடுத்து, கையெழுத்தும் வாங்கி வந்துவிட்டார். இதை எழுதும்வரை பதில் வரவில்லை. கண் டாக்டரிடம் காட்ட நாள் குறித்திருக்கிறார்கள். பையன் தினமும் அதே பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கிறான். நேற்று மாலை அரைக் கிலோ மாவு வாங்கப் போனேன். காசை எண்ணாமல் தலையைக் குனிந்துகொண்டு, "அம்மாகிட்டயே கணக்குக் கேளுங்க தாத்தா, எனக்கு வராதாம்" என்றான்.

அந்தத் தாளைப் பையனிடமும் யாரோ வாசித்துக் காட்டிவிட்டார்கள். முதலில் அதைத் திருத்த வேண்டும்.